'பர்க்' என்னும் ஆங்கில வினை

ஆட்பெயர் வினைச்சொல்லாவது ஆங்கிலத்திற்குப் புதிதன்று. 1880-இல் அயர்லாந்துக் குடியானவர்கள் ஒதுக்கிவைத்த பாய்காட் என்பாரின் பெயர் இன்று உலகெங்கும் வழங்குகிறது. 'பர்க்' என்னும் வினையோ அருகியே காணப்படுகிறது. ஒரு வினாவை அல்லது விசாரணையை வெளிவராதவாறு அமுக்கிவிடுதல் என்பது அதன் பொருள். வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது குற்றஞ்சாட்டிய எட்மண்ட் பர்க்குக்கும் இச்சொல்லுக்கும் தொடர்பில்லை. சொல்லுக்கு உரியவன் வில்லியம் பர்க் என்னும் கொலையாளி.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடின்பரோ நகரில் உடற்கூற்றியல் கல்வி ஓங்கியிருந்தது. அறுத்துப் பயில உடல்கள் போதவில்லை. 1827-இல் வில்லியம் ஹேர் என்பவனின் விடுதியில் ஒருவர் நோயுற்று இறந்தார். வாடகைப் பாக்கிக்கு ஈடாக அவ்வுடலை ஹேரும் பர்க்கும் மருத்துவர் ராபர்ட் நாக்ஸின் கூடத்திற்கு 7 பவுன் 10 ஷில்லிங்கிற்கு விற்றனர். அடுத்து, 1828 நவம்பர் வரையில் 16 பேரைக் கொன்று விற்றனர். கொல்லப்பட்டோருட் பெரும்பாலோர் ஏழைகள், தேடுவாரற்றவர்கள். மூக்கையும் வாயையும் பொத்தி மூச்சை அடக்கியதால் உடலில் காயம் தோன்றவில்லை, வாங்கியோரும் வினவவில்லை.

1829 சனவரி 28-இல் பர்க் தூக்கிலிடப்பட்டான். அவ்வாண்டிலேயே அவன் பெயர் இதழ்களில் வினையாயிற்று. மூச்சடக்கிக் கொல்லுதல் என்பதே முதற்பொருள். டிக்கன்ஸின் 'பிக்விக்' நாவலிலும் அப்பொருளே. பின்னர்க் கொலை என்னும் கூறு உதிர, தடயமின்மை என்னும் கூறு நிலைத்தது. தமிழில் 'அமுக்கு' என்பதும் உடலை அழுத்துதலிலிருந்து செய்தியை மறைத்தலுக்குச் சென்றுள்ளமை ஒப்பு நோக்கத்தக்கது.

எனினும் இதனை வெறும் உருவக விரிவு என அமைவது போதாது. அவ்வழக்கே பாதி அமுக்கப்பட்ட வழக்கு. ஹேர் அரசுத் தரப்புச் சாட்சியாகி விடுதலை பெற்றான். நாக்ஸ் மீது வழக்கே தொடரப்படவில்லை. 1832-ஆம் ஆண்டின் உடற்கூற்றியல் சட்டம் உடல் வாணிகத்தை ஒழித்தது உண்மை. ஆனால் ஏழையர் இல்லங்களில் இறந்து, உரிமை கோருவாரின்றிக் கிடந்த உடல்களைக் கூடங்களுக்கு வழங்கியே ஒழித்தது. வாங்குவோர் தேவை சட்டப்படி நிறைவேறியது, அதே ஏழையரிடமிருந்து.

பர்க்கின் எலும்புக்கூடு எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இன்றும் உள்ளது. கொல்லப்பட்ட 16 பேருள் உடல் கைப்பற்றப்பட்டது டாக்கர்ட்டி என்னும் பெண்மணி ஒருவருடையதே. தீர்ப்பும் அந்த ஒரு கொலைக்கே வழங்கப்பட்டது.