ராயபுரம் கொலையும் தமிழ்த் துப்பறியும் கதையும்

தமிழில் குற்றக் கதை மக்களிடம் பாட்டாகத்தான் முதலில் போய்ச் சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் முதல் சில பத்தாண்டுகளிலும், ஊரை உலுக்கும் கொலை நடந்தால் அதைப் பற்றிய ‘கொலைச் சிந்து’ விரைவிலேயே அச்சாகிவிடும். சில பக்கங்கள், மட்டமான தாள், காலணா அரையணா விலை. சந்தையிலும் தெருமுனையிலும் ரயிலிலும் பாடிக்கொண்டே விற்பார்கள். படிக்கத் தெரியாதவர்களும் கேட்டு மனப்பாடம் செய்துகொள்வார்கள். குஜிலி நூல்கள் என்று படித்தவர்கள் ஏளனமாக ஒதுக்கிய இவற்றைத் தேடித் தொகுத்து, ‘முச்சந்தி இலக்கியம்’ என்ற நூலில் ஆராய்ந்தவர் வரலாற்றறிஞர் ஆ. இரா. வேங்கடாசலபதி. வடசென்னைக்கு இந்த மலிவுப் பதிப்புத் தொழிலில் நேரடிப் பங்கு உண்டு. பெரிய எழுத்துக் கதைகளுக்குப் பெயர்பெற்ற பி. இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் இயங்கிய கொண்டித்தோப்பு, ராயபுரத்துக்கு நடந்தே போய்விடும் தூரம்.

சிந்தில் மர்மம் கிடையாது. கொன்றவர் யார் என்பது கேட்பவருக்கு முன்பே தெரியும். கொலை நடந்த விதமும் செத்தவருக்கான ஒப்பாரியும்தான் அதில் முக்கியம். கொலையாளியை மறைத்துவைத்துக் கடைசியில் காட்டும் கலை உரைநடையோடு வந்தது. 1894இல் பண்டித நடேச சாஸ்திரி, தானவன் என்ற போலீஸ்காரரை நாயகனாக்கிக் கதைகள் வெளியிட்டார். 1908இல் வந்த ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ பல பதிப்புகள் கண்டது. அதில் வரும் துப்பறிவாளர் கோவிந்தன் வீட்டுக்கு வீடு அறிமுகமானார். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆங்கில நாவல்களைத் தமிழ்ச் சூழலுக்கு மாற்றி எழுதிக் குவித்தார்கள். ஜமீன் சொத்து, திருட்டு உயில், மாறுவேடம், கடத்தப்பட்ட பெண் என்று இந்த நாவல்களின் உலகம் பெரும்பாலும் பங்களாக்களுக்குள் அடங்கிவிட்டது. துறைமுகத்துக்குப் பக்கத்து வாடகை வீடுகளுக்குள் அது எட்டிப் பார்க்கவில்லை.

எழுத்தாளர்கள் எட்டிப் பார்க்காத அந்த இடத்தில்தான் 1952 ஆகஸ்ட் 28 அன்று ஆளவந்தார் கொல்லப்பட்டார். பாரிமுனைப் பக்கம் சைனா பஜாரில் பேனா விற்றுவந்தவர் அவர். மறுநாள் தனுஷ்கோடி நோக்கிப் போய்க்கொண்டிருந்த போட் மெயில் ரயிலில், இருக்கைக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டியிலிருந்து வந்த நாற்றம் தாங்காமல் பயணிகள் புகார் செய்தார்கள். மானாமதுரையில் பெட்டியை இறக்கித் திறந்தபோது தலையில்லாத ஆண் உடல் கிடைத்தது. காலில் பச்சை நிறக் காலுறை. செத்தவர் யார் என்று சொல்லத் தலை வேண்டும்; அது பிறகு ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் தலையையும் உடலையும் சேர்த்துவைத்து ஆராய்ந்து, இரண்டும் ஒரே ஆளுடையவை என்று உறுதிசெய்தார்கள். ராயபுரம் சிமெட்ரி ரோட்டில் குடியிருந்த இளம் தம்பதி மீது சந்தேகம் விழுந்தது. அவர்கள் அதற்குள் பம்பாய்க்குப் போய்விட்டிருந்தார்கள், அங்கே பிடிபட்டார்கள். திருமணத்துக்கு முன்பு மனைவிக்கும் ஆளவந்தாருக்கும் இருந்த தொடர்பும் அதனால் எழுந்த பகையும் வழக்கின் மையமாயின.

1953இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜூரி முன்னிலையில் விசாரணை நடந்தது. நீதிபதி ஏ. எஸ். பஞ்சாபகேச ஐயர், ஆங்கிலத்தில் நாவல்களும் நாடகங்களும் எழுதியவர். கணவருக்கு ஏழு ஆண்டு, மனைவிக்கு மூன்று ஆண்டு என்று தீர்ப்பாயிற்று. உடலைத் துண்டித்துப் பெட்டியில் அடைத்த கொலைக்கு இது குறைந்த தண்டனைதான். குற்றத்தை மட்டும் நிறுக்காமல் அதற்கு இட்டுச்சென்ற மனநிலையையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. அக்காலத் தமிழ்த் துப்பறியும் நாவல்களில் இந்தப் பார்வை அரிது. அங்கே கெட்டவன் கெட்டவனாகவே பிறந்திருப்பான். கடைசி அத்தியாயத்தில் விலங்கு மாட்டினால் கதை தீர்ந்தது. வாசகர்கள் செய்தித்தாளில் நாள்தோறும் தொடர்ந்து படித்த இந்த வழக்கோ, யார் கொன்றது என்று தெரிந்த பிறகும் ஏன் கொன்றார்கள் என்ற கேள்வியை விடாமல் வைத்திருந்தது.

ஆனாலும் அடுத்து வந்த எழுத்து அந்தப் பாதையில் உடனே போகவில்லை. தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் குடித்தபடி வெளிநாட்டு நகரங்களில் துப்புத் துலக்கினார். சுஜாதா 1968இல் குமுதத்தில் எழுதிய ‘நைலான் கயிறு’ ஒரு திருப்பம். வக்கீல் கணேஷ் அறிமுகமான அந்தத் தொடரில் தடயமும் நீதிமன்றமும் நகரத்து மனமும் கதைக்குள் வந்தன. எண்பதுகளில் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோரின் மாத நாவல்கள் பெட்டிக்கடையிலும் பேருந்து நிலையத்திலும் கொடியில் தொங்கின. வடிவம் மாறினாலும் வாங்கும் வழி பழையதுதான். கொலைச் சிந்தைப் போலவே குறைந்த விலை, ஒரே மூச்சில் படித்து முடிக்கும் அளவு, வழிப்போக்கில் வாங்கும் வசதி.

இதற்கிடையே வடசென்னைக்கு ஒரு முத்திரை விழுந்தது. அசோக் லேலண்டும் என்ஃபீல்டும் அனல்மின் நிலையமும் வந்து, திருவொற்றியூர் முதல் எண்ணூர் வரை உழைக்கும் மக்களின் குடியிருப்புகள் பெருகியிருந்த காலம் அது. கதைகளும் சினிமாவும் ரவுடிக்கு முகவரி வேண்டியபோதெல்லாம் காசிமேட்டையும் ராயபுரத்தையும் எழுதிக்கொண்டன. வெற்றிமாறனின் ‘வட சென்னை’ (2018) அடியாட்களுக்குப் பின்னால் இருந்த துறைமுக, நில அரசியலைக் காட்டியது. அதற்கு முன் வந்த பல படங்களுக்கு அந்த அக்கறை இருந்ததில்லை. கரன் கார்க்கியும் பாக்கியம் சங்கரும் இந்நகரின் உழைக்கும் மக்களை உள்ளிருந்து எழுதியவர்கள். அவர்கள் பக்கங்களில் வரும் மனிதர்களை ரவுடி என்ற ஒற்றைச் சொல்லில் அடக்க முடியாது. ராயபுரத்தின் பெயரை நாடெங்கும் கொண்டுபோன 1952ஆம் ஆண்டுக் கொலையைச் செய்தவர்கள் அடியாட்கள் அல்லர். அது ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வாடகை வீட்டுக்குள் நடந்தது.