திரும்பி வாராத ஐந்து விமானங்கள்



1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் முற்பகலில், இலங்கையின் கீழைக் கடலுக்கு மேலே ஒன்பது குண்டுவீச்சு விமானங்கள் பறந்து சென்று, அக்காலத்தில் உலகிலேயே வலிமை மிக்கதெனக் கருதப்பட்ட ஒரு கப்பற்படையைத் தாக்கின. அவை வீசிய குண்டுகளில் ஒன்றுகூட எந்தக் கப்பலிலும் விழவில்லை. ஒன்பதில் நான்கு விமானங்களே கொழும்புக்குத் திரும்பின. இரண்டாம் உலகப் போரின் வரலாற்று நூல்கள் பலவற்றில் இச்செய்தி இரண்டொரு வரிகளில் முடிந்து விடுகிறது. வேறு சிலவற்றில் அவ்விரண்டு வரிகளும் இல்லை.

வெற்றி பெறாத ஒரு தாக்குதலை நாம் ஏன் நினைவுகூர வேண்டும்? மாண்டவர்கள் நம் நாட்டவர் அல்லர். அவர்களை அனுப்பியதும் நம்மை ஆண்ட அந்நிய அரசின் படையே. ஆயினும் அந்தக் கடல் தமிழ் வழங்கும் கரையை ஒட்டிய கடல். அன்று எழுந்த அச்சம் சென்னை வரையிலும் பரவியது. விமானத் தொழிலையே தன் அடையாளங்களுள் ஒன்றாகக் கொண்ட பெங்களூர் நகரத்திற்கோ இவ்வரலாற்றோடு தனியான தொடர்பு ஒன்று உண்டு. ஆதலின் இதனைச் சற்று விரித்துக் காண்பது பொருத்தமாகும்.

முதலில் காலநிலையைப் பார்ப்போம். 1941 டிசம்பரில் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய ஜப்பான், அடுத்த நான்கே மாதங்களில் தென்கிழக்கு ஆசியாவின் பெரும்பகுதியைக் கைப்பற்றியது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8-இல் இரங்கூன் வீழ்ந்தது. மார்ச் 23-இல் அந்தமான் தீவுகளில் ஜப்பானியர் காலூன்றினர். இனி வங்காள விரிகுடாவில் பிரிட்டனுக்கு எஞ்சியிருந்த பெரும் கடற்படைத் தளம் திரிகோணமலை ஒன்றே. அதனையும் கொழும்பையும் நொறுக்கும் நோக்கத்துடன், பேர்ள் துறைமுகத் தாக்குதலை நடத்திய அதே தளபதி நகுமோ, ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களுடன் இந்துமாக்கடலுள் புகுந்தார். அகாகி, சோர்யூ, ஹிர்யூ, ஷோகாகு, சூய்காகு என்பன அவற்றின் பெயர்கள். அகாகியே தலைமைக் கப்பல்.

அந்நாளில் பெங்களூரில் விமானத் தொழில் அரும்பிக் கொண்டிருந்தது. தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த், மைசூர் சமஸ்தானத்தின் துணையோடு 1940 டிசம்பரில் ஹிந்துஸ்தான் விமான நிறுவனத்தை இங்கே நிறுவினார். 1941-இல் இந்திய அரசும் அதிற் பங்கு கொண்டது. போர் நெருங்கி வர வர, 1942-இல் அதன் நிர்வாகத்தை அரசே எடுத்துக் கொண்டது. 1943-இல் அது அமெரிக்க விமானப்படையின் பொறுப்பில் விடப்பட்டது. புதிய விமானங்களைக் கட்டும் ஆசையோடு தொடங்கிய அத்தொழிற்சாலை, போர்க்காலத்தில் பெரிதும் பழுதுபார்க்கும் பணிமனையாகவே விளங்கியது. கடலில் இறங்கும் கட்டலினா விமானங்களும் இங்கே செப்பனிடப்பட்டன. கடலில்லாத ஊரில் அவை எங்கே இறங்கின என்று கேட்கலாம். பெல்லந்தூர் ஏரியே அவற்றுக்குத் துறையாயிற்று. இன்று நுரைக்கும் கழிவு நீருக்கும் பேர்போன அவ்வேரியில் ஒரு காலத்தில் போர் விமானங்கள் வந்திறங்கின என்றால் நம்புதற்கு அரிதாகத் தோன்றும்.

இந்தக் கட்டலினா விமானமே நம் வரலாற்றின் முதற்காட்சியில் வருகிறது. ஏப்ரல் 4-ஆம் நாள், கனடா நாட்டு விமானப்படையின் 413-ஆம் அணியைச் சேர்ந்த லெனர்டு பர்ச்சால் என்பவர், தென்னிலங்கைக் கொக்கலையிலிருந்து ஒரு கட்டலினாவில் கிளம்பிக் கடலை ஆராய்ந்து வந்தார். மாலை நேரத்தில் நகுமோவின் கப்பல்கள் அவர் கண்ணிற்பட்டன. செய்தி அனுப்பிக் கொண்டிருக்கும்போதே விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த ஒன்பதின்மரில் மூவர் மாண்டனர். அறுவர் சிறைப்பட்டுப் போர் முடியும்வரை ஜப்பானில் கிடந்தனர். அவர்கள் அனுப்பிய செய்தியால் கொழும்பு ஓரளவு ஆயத்தமாயிற்று.

மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. காலையில் கொழும்பின் மீது குண்டுகள் விழுந்தன. அன்று பிற்பகலில் கார்ன்வால், டார்செட்ஷயர் என்னும் இரு பெரும் போர்க்கப்பல்கள் தெற்குக் கடலில் மூழ்கடிக்கப்பட்டன. ஏப்ரல் 6-இல் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. சென்னையில் பெருங்கிலி பிடித்தது. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன; மக்கள் கிடைத்த வண்டிகளில் மூட்டை முடிச்சுகளுடன் ஊரை விட்டு வெளியேறினர்.

இப்போது ஏப்ரல் 9-க்கு வருவோம். விடியற்காலையில் மற்றொரு கட்டலினா ஜப்பானியக் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பியது. அதுவும் வீழ்த்தப்பட்டது, இம்முறை ஒருவரும் பிழைக்கவில்லை. சிறிது நேரத்தில் திரிகோணமலைத் துறைமுகமும், சீனன்குடா விமானத் தளமும், எண்ணெய்க் கிடங்குகளும் தாக்கப்பட்டன. அதே வேளையில் கொழும்பில், குதிரைப் பந்தய மைதானத்தைத் திருத்தி அமைத்திருந்த விமானத் தளத்திலிருந்து, பிரிட்டிஷ் விமானப்படையின் 11-ஆம் அணியைச் சேர்ந்த பதினொரு பிளென்ஹைம் விமானங்கள் கிளம்பின. ஏப்ரல் 5-ஆம் நாளும் இவ்வணி பகைவரைத் தேடிச் சென்று, காணாமல் திரும்பியிருந்தது. இம்முறையும் இரு விமானங்கள் எந்திரக் கோளாற்றினால் வழியிலேயே திரும்பி விட்டன. ஒன்பது முன்சென்றன.

பிளென்ஹைம் இரட்டை எந்திரம் பூட்டிய விமானம். அதில் மூவர் செல்வர். ஒருவர் விமானி. ஒருவர் வழிகாட்டி, குண்டைக் குறிபார்த்து வீசுபவரும் அவரே. மூன்றாமவர் கம்பியில்லாத் தந்தியை இயக்குபவர். ஆபத்து வந்தபோது முதுகுப்புறத் துப்பாக்கியைப் பிடிப்பவரும் அவரே. இந்த விமானம் 1930-களின் இடைப்பகுதியில் வெளிவந்தபோது வேகத்தில் பேர் பெற்றிருந்தது. 1942-இலோ அதன் காலம் கடந்து விட்டது. ஜப்பானியரின் ஜீரோ என்னும் சண்டை விமானம் அதனினும் விரைவாகச் செல்வது. எளிதாகத் திரும்பிச் சுழல்வது. அத்தகைய பகைவரை நோக்கி இந்த ஒன்பது விமானங்களும் துணைக்கு ஒரு சண்டை விமானமும் இன்றிச் சென்றன.

ஏறக்குறைய 11,000 அடி உயரத்தில் அவை ஜப்பானியக் கப்பற்படையின் மேல் வந்து சேர்ந்தன. அங்கே ஒரு வியப்பு நிகழ்ந்தது. ஐந்து விமானந்தாங்கிகளும் அவற்றைச் சூழ்ந்த காவற்கப்பல்களும் இருந்தும், வருபவரை ஒருவரும் காணவில்லை. கப்பல்களில் ரேடார் இல்லை. அகாகியின் அருகில் குண்டுகள் விழுந்து நீர்த்தம்பங்கள் எழுந்த பின்னரே தாங்கள் தாக்கப்படுவதை அவர்கள் உணர்ந்தனர். டோனே என்னும் போர்க்கப்பலுக்கு அருகிலும் குண்டுகள் விழுந்தன. எல்லாம் அருகில் விழுந்தனவே யன்றி ஒன்றும் மேலே விழவில்லை.

அதன்பின் ஜீரோக்கள் சூழ்ந்து கொண்டன. கப்பற்படையின் மேலேயே நான்கு பிளென்ஹைம்கள் வீழ்ந்தன. எஞ்சியவை கரையை நோக்கித் திரும்பும்போது, வேறொரு வேட்டையை முடித்து வந்துகொண்டிருந்த ஜப்பானிய விமானங்கள் எதிர்ப்பட்டன. அங்கே ஐந்தாவது விமானமும் வீழ்ந்தது. ஜப்பானியரும் சில ஜீரோக்களை இழந்தனர். விமானத்துக்கு மூவராக, காலையில் கொழும்பில் உணவுண்டு கிளம்பியவருள் பதினைந்து பேர் மாலையில் இல்லை.

அந்த வேறொரு வேட்டை எது? திரிகோணமலையிலிருந்து தப்பித் தெற்கே சென்றிருந்த ஹெர்மீஸ் என்னும் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல்தான் அது. விமானந்தாங்கி என்பது பெயரளவிற்கே. அன்று அதில் ஒரு விமானமும் இல்லை. மட்டக்களப்புக் கரைக்கு அண்மையில், துணையாக வந்த ஆஸ்திரேலியக் கப்பல் வாம்பயருடன் அதுவும் மூழ்கியது. ஹெர்மீஸில் மட்டும் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வீட்டா என்னும் மருத்துவக் கப்பல் வந்து நூற்றுக்கணக்கானோரை நீரிலிருந்து மீட்டது. ஹெர்மீஸின் உடைந்த உடல் இன்றும் அக்கடலடியில் கிடக்கிறது.

இத்தாக்குதல் வீண்தானா என்னும் கேள்வி எழுவது இயல்பு. இதற்கு ஒரு விடை உண்டு. இப்போரில் ஜப்பானிய விமானந்தாங்கிப் படை, தன் தலைக்குமேல் ஒருங்கே வந்த வான்தாக்குதலை முதன்முதலாகச் சந்தித்தது இந்த ஒன்பது விமானங்களிடமே. தங்கள் கப்பல்களை அறிவிப்பின்றி நெருங்க முடியும் என்னும் உண்மை அன்று அவர்களுக்குக் காட்டப்பட்டது. அவர்கள் அதனைப் பாடமாகக் கொள்ளவில்லை. 56 நாட்கள் கழித்து, ஜூன் 4-ஆம் நாள், பசிபிக் கடலில் மிட்வே என்னுமிடத்தில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் அதேபோல் உயரத்திலிருந்து அறியாமல் வந்து பாய்ந்தன. அகாகியும் சோர்யூவும் ஹிர்யூவும், இலங்கைக்கு வாராத காகா என்னும் கப்பலும் அங்கே அழிந்தன.

ஆனால் இந்த விடையில் மட்டும் மனம் அமைதி கொள்வது முறையன்று. பகைவர் கல்லாத பாடத்தைக் காட்டி, மாண்டவரின் உயிருக்கு விலை பேசுவது எளிது. அந்தப் பதினைந்து பேரும் மிட்வேயை அறியார். காலங்கடந்த விமானங்களைத் துணையின்றி அனுப்பும் நிலை ஏன் வந்தது என்னும் கேள்வியும் நினைவின் ஒரு பகுதியே. சிங்கப்பூர் ஒருபோதும் வீழாது என்று நம்பிய ஒரு பேரரசு, கீழைக் கடலின் காவலுக்கு எஞ்சியதையே ஒதுக்கியது. அந்தக் கணக்குப் பிழையைத் தீர்க்க வேண்டிய கடன், வானில் ஏறிய இளைஞர்கள் தலையில் விழுந்தது. அவர்களுடைய வீரத்தைப் புகழ்வோர் இப்பிழையை மறைக்கலாகாது. பிழையைச் சொல்வோர் வீரத்தைக் குறைக்கவும் ஆகாது.

மொழிபெயர்ப்பை நாள்தோறும் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். திரும்பி வாராத படைவீரரை ஆவணங்கள் இறந்தவர் என்று உடனே எழுதுவதில்லை. காணப்படவில்லை என்றே முதலில் எழுதும். தமிழில் இதனைக் ‘காணாமற்போனார்’ என்கிறோம். கடைவீதியில் தொலைந்த குடைக்கும் நாம் இச்சொல்லையே வழங்குகிறோம். ‘மறைந்தார்’ என்றாலோ இறந்து விட்டார் என்ற முடிவு அதில் வந்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே, வாசற்கதவைத் தாழிடாமல் காத்திருக்கும் ஒரு வீட்டின் நிலையைச் சொல்ல நம்மிடமும் தனிச்சொல் இல்லை; ஆவண மொழியிலும் இல்லை. மாதங்கள் கழித்து ‘இறந்ததாகக் கொள்ளப்படுகிறார்’ என்று இரண்டாம் கடிதம் வரும். கடலில் வீழ்ந்தவருக்குக் கல்லறையும் கிடையாது.

கல்லறை இல்லாத இத்தகையோருக்காகச் சிங்கப்பூரில் கிராஞ்சி என்னுமிடத்தில் 1957 மார்ச் 2-ஆம் நாள் ஒரு நினைவுச்சின்னம் திறந்து வைக்கப்பட்டது. 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் அதன் கற்சுவர்களில் வரிவரியாகப் பொறிக்கப்பட்டுள்ளன. தென்னாசிய, கிழக்காசிய வானில் சென்று மறைந்த விமானப்படையினருக்கும் அதுவே நினைவிடம். அதே சுவர்களில், மலேயாவில் மாண்ட இந்தியப் படைவீரரின் பெயர்களும் ஏராளமாக உண்டு. ஆண்டவரும் ஆளப்பட்டவரும் ஒருங்கே நிற்கும் இடம் அது. ஆனால் துறைமுகங்களில் மூட்டை சுமந்து குண்டுவீச்சில் மாண்ட எளிய கூலித் தொழிலாளருக்கு அத்தகைய சுவர் எழுப்பியவர் யார்? எதிர்ப்பக்கத்தில் ஜப்பானிய விமானிகளும் இதே கடலில் வீழ்ந்தனர். அவர்களையும் பெற்ற தாயர் இருந்தனர். நினைவுகூர்தல் என்பது பட்டியலில் உள்ளோரோடு நின்றுவிடலாகாது.

இனிப் பெங்களூருக்குத் திரும்புவோம். போர் முடிந்ததும் அமெரிக்காவின் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் பல, மீண்டும் எவரும் பறக்க இயலாதபடி சிதைக்கப்பட்டுக் கான்பூரில் குவித்து விடப்பட்டன. நாடு விடுதலை பெற்றபின் அந்தக் குவியலை ஹிந்துஸ்தான் நிறுவனத்தார் ஆராய்ந்தனர். நாற்பதுக்கும் மேற்பட்ட விமானங்களை மீட்கலாம் என்று கண்டனர். நிறுவனத்தின் விமானி ஜம்ஷெட் முன்ஷி, ஓரளவே செப்பனிட்ட நிலையில் அவற்றைப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். இங்குள்ள தொழிலாளர் அவற்றைப் புதுப்பித்துத் தந்தனர். 1948-இல் இந்திய விமானப்படையின் 5-ஆம் அணி அவற்றைக் கொண்டே அமைந்தது. 1968 வரை அவை நம் படையில் பணிபுரிந்தன. அவற்றுள் ஒன்று 1974-இல் பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்திற்குப் பரிசாகச் சென்றது. எறிந்துவிட்டுப் போனவர்களுக்கே, பறக்கக்கூடிய நிலையில் அதனைத் திருப்பிக் கொடுத்தது நம் நாடு.

பெங்களூரில் பழைய விமான நிலையச் சாலையையொட்டி 2001-இல் ஒரு விமான அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. விடுமுறை நாட்களில் குழந்தைகள் அங்கே விமானங்களைச் சுற்றி ஓடி விளையாடுகின்றனர். அவர்களை அழைத்துச் செல்லும் பெற்றோர், விமானத்தின் வேகத்தையும் எடையையும் சொல்வதோடு, அதனுள் எத்தனை பேர் அமர்ந்திருப்பர் என்பதையும் சொல்ல வேண்டும். விமானி எங்கே அமர்வார், வழிகாட்டி எங்கே அமர்வார், பின்புறம் நோக்கித் துப்பாக்கியுடன் அமர்பவர் யார் என்று காட்ட வேண்டும். குழந்தைகள் அப்போது, ‘இவர்கள் திரும்பி வந்தார்களா?’ என்று கேட்கக்கூடும். அக்கேள்விக்கு விடை கூறும்போது, ஏப்ரல் 9-ஆம் நாளையும் மட்டக்களப்புக் கடலையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.