கையில் இருக்கும் போன் யாருடையது?

"தோழர், என் போனுக்கு அப்டேட் நின்னு போச்சு. வேற ரோம் போட்டா கேஸ் ஆகுமா?" மாணவத் தோழர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவர் பாதி விளையாட்டாகத்தான் கேட்கிறார். ஆனால் செகண்ட் ஹேண்டில் ஐந்தாறாயிரம் ரூபாய்க்கு வாங்கிய அந்தப் போனில்தான் ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் போடுகிறோம், ஆர்ப்பாட்டத்தைப் படம் பிடிக்கிறோம், ஆட்சியருக்கு மனு அனுப்புகிறோம். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போன் தாழ்ப்பாள் இல்லாத வீடு மாதிரி. புதிய போன் வாங்கப் பணம் இல்லாதவருக்கு, கம்பெனி போட்டுக்கொடுத்த ஃபர்ம்வேரை நீக்கிவிட்டு வேறொன்றைப் போடுவது ஒரு வழி. அது குற்றமா? ஒரு சொல்லில் பதில் சொல்லலாம்தான். ஆனால் இந்தச் சட்டங்கள் யாருடைய சண்டையில் பிறந்தன என்று தெரியாமல் அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு பயனில்லை.

ஹைதராபாத்தில் தொடங்குவோம். ரிலையன்ஸ் இன்ஃபோகாம் செல்போன் சந்தைக்குள் நுழைந்தபோது, 10,500 ரூபாய் பெறும் கைப்பேசியை 3,350 ரூபாய் கட்டினால் கொடுத்தது. மூன்று ஆண்டுகள் அவர்களிடமே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சாம்சங், எல்.ஜி. கம்பெனிகளின் சி.டி.எம்.ஏ. போன்கள் அவை. சிம் கார்டு கிடையாது, கழற்றி மாற்றுவதற்கு. இ.எஸ்.என். என்ற 32 பிட் எண் போனுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். அதை வைத்துத்தான் நெட்வொர்க் போனை அடையாளம் காணும். ரிலையன்ஸைத் தவிர வேறெங்கும் வேலை செய்யாதபடி அந்தப் போன்களுக்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள்.

2003இல் ரிலையன்ஸ் தரப்பு போலீசுக்குப் போனது. போட்டிக் கம்பெனியான டாடா இண்டிகாமின் ஊழியர்கள் அந்த எண்ணை மாற்றி, வாடிக்கையாளர்களைத் தங்கள் பக்கம் இழுக்கிறார்கள் என்பது புகார். சி.ஐ.டி. வழக்குப் பதிந்தது, ஊழியர்கள் கைதானார்கள். வழக்கை ரத்து செய்யக் கோரி அவர்கள் ஆந்திரப் பிரதேச உயர்நீதிமன்றம் போனார்கள். செல்போன் கம்ப்யூட்டரே அல்ல, தகவல் தொழில்நுட்பச் சட்டம் இதற்குப் பொருந்தாது, வாடிக்கையாளர் விரும்பிய கம்பெனிக்கு மாறுவது அவர் விருப்பம் என்றெல்லாம் வாதிட்டார்கள்.

2005 ஜூலை 29 அன்று தீர்ப்பு வந்தது. செல்போன் கம்ப்யூட்டர்தான் என்றது நீதிமன்றம். இ.எஸ்.என். எண்ணை மாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 65ஆவது பிரிவுக்குள் வரக்கூடியது என்றும் சொன்னது. மூல நிரலைத் தெரிந்தே மாற்றுவதற்கு மூன்றாண்டு வரை சிறை என்கிற பிரிவு அது. நம்பிக்கை மோசடி, ஏமாற்று, கூட்டுச்சதி ஆகிய குற்றச்சாட்டுகளை ரத்து செய்துவிட்டு, 65ஐயும் பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஐயும் விசாரணைக்கு விட்டுவைத்தது.

போனில் கை வைத்தால் மூன்று வருடம் உள்ளே என்று மிரட்டுகிறவர்கள் இந்தத் தீர்ப்பைத்தான் காட்டுவார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவதை நாம் சொல்வோம். இது தண்டனைத் தீர்ப்பு அல்ல. வழக்கை முளையிலேயே கிள்ளலாமா என்ற கேள்விக்கு வந்த பதில் மட்டும்தான். 65ஆவது பிரிவே "சட்டப்படி வைத்திருக்க வேண்டிய" நிரலைப் பற்றித்தான் பேசுகிறது. கைப்பேசிக் கம்பெனியின் நிரல் அப்படிப்பட்டதா என்பது சாட்சியங்களை வைத்து முடிவாக வேண்டியது என்று நீதிமன்றமே விட்டுவிட்டது. குற்றம்சாட்டப்பட்டவர்களும் போட்டிக் கம்பெனியின் ஆட்கள். 3,350 ரூபாய் கட்டிப் போனை வாங்கினாரே, அவர் குற்றவாளிக் கூண்டில் இல்லை. வாதியாகவும் இல்லை. அவரை யார் வைத்துக்கொள்வது என்று இரண்டு பெரிய வீடுகள் போட்ட சண்டை அது.

அமெரிக்காவில் இதே சண்டை வேறு மாதிரி நடந்தது. அங்கே 1998இல் வந்த டி.எம்.சி.ஏ. சட்டத்தின் 1201ஆவது பிரிவு, டிஜிட்டல் பூட்டை உடைப்பதையே குற்றமாக்கியது. எதையும் திருடியிருக்க வேண்டியதில்லை, பூட்டைத் திறந்தாலே போதும். திரைப்பட, இசைக் கம்பெனிகளின் சரக்கைக் காக்க வந்த சட்டம் மெல்லப் போனுக்குள்ளும் புகுந்தது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்ற நூலகத்தின் தலைவர் விதிவிலக்குகளை அறிவிப்பார். போனைத் திறக்க நூலகரிடம் அனுமதி! 2006இல் வேறு நெட்வொர்க்குக்கு மாற போனை அன்லாக் செய்யலாம் என்று விலக்கு வந்தது. 2007இல் ஏ.டி. அண்ட் டி. நெட்வொர்க்குக்கு மட்டும் என்று ஐபோன் வந்தபோது, நியூஜெர்சியில் 17 வயதுப் பையன் ஜார்ஜ் ஹாட்ஸ் இரண்டே மாதத்தில் பற்றவைப்புக் கருவியும் கையுமாக அந்தப் பூட்டைத் திறந்து காட்டினான்.

ஜெயில்பிரேக்குக்கும் விலக்கு வேண்டும் என்று எலக்ட்ரானிக் ஃப்ரண்டியர் ஃபவுண்டேஷன் கேட்டது. அனுமதித்தால் செல்போன் கோபுரங்களையே முடக்கிவிட முடியும் என்று ஆப்பிள் பயமுறுத்தியது. 2010 ஜூலையில் விலக்கு கிடைத்தது, கோபுரங்கள் அப்படியே நிற்கின்றன. ஆனால் 2012இல் டேப்லெட்டுக்கு அதே விலக்கு மறுக்கப்பட்டது. அதே கம்பெனி, அதே மென்பொருள். திரை சின்னதாக இருந்தால் உரிமை, பெரிதாக இருந்தால் குற்றம். 2015 வரை இந்தக் கூத்து நீடித்தது. அன்லாக் விலக்கையும் 2012இல் பிடுங்கினார்கள். 2013 ஜனவரி 26க்குப் பிறகு வாங்கும் போன்களுக்கு அது இல்லை. 1,14,000 பேருக்கு மேல் வெள்ளை மாளிகைக்கு மனுவில் கையெழுத்திட்டார்கள். 2014 ஆகஸ்ட் 1 அன்று ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் அதைத் திருப்பிக் கொடுத்தது. மனுப் போட்டு என்ன ஆகப்போகிறது என்று சலித்துக்கொள்ளும் தோழர்கள் கவனிக்க.

இந்தியா 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது 65ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. அமெரிக்கச் சட்டத்தை அப்படியே நகலெடுக்கவில்லை. உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால்தான் குற்றம், இரண்டாண்டு வரை சிறை, அபராதம். இந்தச் சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத ஒரு நோக்கத்துக்காக உடைத்தால் குற்றம் இல்லை. அத்தோடு 52ஆவது பிரிவு, ஒரு மென்பொருளை முறையாகப் பெற்றவர் அது தரப்பட்ட வேலைக்காக அதைத் தழுவி மாற்றவும், அது எப்படி இயங்குகிறது என்று ஆராயவும் இடம் தருகிறது. ஆக, நம் சொந்தப் போனின் பூட்லோடரைத் திறந்து லினேஜ் ஓ.எஸ். போன்ற திறந்த மென்பொருளைப் போடுவது இந்தச் சட்டத்தின்படி குற்றமாகாது என்பதே நம் வாசிப்பு. வாரண்டி போகலாம், வங்கிச் செயலி அடம்பிடிக்கலாம். அவை குற்றவியல் விவகாரங்கள் அல்ல. காசு கொடுத்து வாங்க வேண்டிய செயலியைத் திருட்டுத்தனமாகப் போடுவதற்காக உடைத்தால் கதை வேறு.

ஒரு கோட்டை மட்டும் தாண்டக் கூடாது: ஐ.எம்.இ.ஐ. எண். 2017இல் அதற்கென்றே விதிகள் வந்தன. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42ஆவது பிரிவு, இத்தகைய அடையாள எண்ணைத் திருத்தினால் மூன்றாண்டு வரை சிறை அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. திருத்தியது என்று தெரிந்தே வைத்திருப்பதும் குற்றம். திருட்டுப் போனைக் கண்டுபிடிக்க அந்த எண்தான் வழி என்பதால் இதில் நமக்குப் பெரிய மறுப்பு இல்லை. ஆனால் ஃப்ளாஷ் செய்யும்போது சில போன்களில் அந்த எண் அழிந்துபோகும். "வேற நம்பர் எழுதித் தர்றேன்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வேலையைத் தொடங்கும் முன்பே ஈ.எஃப்.எஸ். பகுதியை பேக்கப் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

65ஏவில் பலர் படிக்காமல் விடும் ஒரு வரி உண்டு. பூட்டை உடைக்க மற்றவருக்கு உதவுகிறவர், அவருடைய பெயர், முகவரி, எதற்காக உதவி கேட்டார் என்ற விவரம் அனைத்தையும் பதிவு செய்து வைக்க வேண்டும். தெருமுனையில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பிக்கும் ஹாஸ்டல் அறையில் நண்பர்களுக்கு ரோம் போட்டுக் கொடுப்பவருக்கும் இது பொருந்தும். உங்களில் அப்படிச் செய்கிறவர் இருந்தால் இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிவிடுங்கள்.