நிக்கோல் டேவிட்: பினாங்கிலிருந்து உலக முதலிடம்

நிக்கோல் ஆன் டேவிட் மலேசியாவின் முன்னாள் ஸ்குவாஷ் வீராங்கனை. 1983 ஆகஸ்ட் 26 அன்று பினாங்கில் பிறந்தார். உலக மகளிர் சாம்பியன் பட்டத்தை எட்டு முறையும், ஸ்குவாஷின் பழம்பெரும் போட்டியான பிரிட்டிஷ் ஓப்பனை ஐந்து முறையும் வென்றவர். 2006 ஆகஸ்ட் முதல் 2015 வரை, இடையில் ஒரு மாதம்கூட விடாமல், 108 மாதங்கள் உலகத் தரவரிசையின் உச்சியில் இருந்தவர். தொழில்முறை ஆட்டத்தில் அவர் வென்ற பட்டங்கள் மொத்தம் 81. 2019-ஆம் ஆண்டு ஓய்வு பெற்றார்.

தந்தை டெஸ்மண்ட் டேவிட் இந்திய வம்சாவளியினர். பொறியாளர், மாநில அளவில் விளையாடியவர். தாயார் ஆன் மேரி சீன வம்சாவளியினர். பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றியவர். லியான், ஷெரில் என்று இரண்டு அக்காமார். அவர்களும் ஸ்குவாஷ் ஆடியவர்கள். வீட்டில் மூத்த பிள்ளைகள் மட்டையைத் தூக்கிக்கொண்டு போனால் கடைக்குட்டி வாசலோடு நின்றுவிடுமா? ஐந்து வயதிலேயே நிக்கோலும் அக்காமார் பின்னால் போகத் தொடங்கினார். படித்தது கிரீன் லேன் கான்வென்ட் பள்ளியில். ஆட்டம் கற்றது புக்கிட் டும்பாரில்.

அந்தக் காலத்துப் பினாங்கைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். தனியொரு மேதை தற்செயலாக முளைத்த ஊர் அல்ல அது. தொண்ணூறுகளில் அந்தச் சிறு தீவின் ஸ்குவாஷ் கூடங்களிலிருந்து ஆட்டக்காரர்கள் வரிசையாக வெளியே வந்தார்கள். 1998-இல் ஆண்கள் பிரிவில் உலக இளையோர் பட்டத்தை வென்ற ஓங் பெங் ஹீ பினாங்குக்காரர். பிற்பாடு உலகின் முதல் பத்துப் பேருக்குள் இடம்பிடித்த லோ வீ வெர்னும் பினாங்குக்காரர்தான். இப்படி ஒரு கூட்டத்துக்கு நடுவில் வளர்ந்ததால், தோற்கடிக்கவும் தோற்றுப்போகவும் நிக்கோலுக்கு உள்ளூரிலேயே ஆள் இருந்தது.

1998-ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மகளிர் ஸ்குவாஷ் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. மலேசியா அனுப்பியது பதினைந்து வயதுப் பள்ளி மாணவியை. ஹாங்காங்கின் ரெபெக்கா சியூவை வென்று அவர் தங்கத்தோடு திரும்பினார். அடுத்த ஆண்டு பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் உலக இளையோர் பட்டம். 2001-இல் அதே போட்டி பினாங்கில் நடந்தபோது சொந்த ஊர் மக்கள் பார்த்திருக்க மறுபடியும் அதை வென்றார். உலக இளையோர் பட்டத்தை இரண்டு முறை வென்ற முதல் பெண் அவரே.

இதற்கிடையில், 2000-ஆம் ஆண்டிலேயே நிக்கோல் தொழில்முறை ஆட்டக்காரராகிவிட்டார். முதல் பட்டம் அதே ஆண்டு பின்லாந்தில் கிடைத்தது. அமெரிக்கக் கால்பந்தின் மிகப் புகழ்பெற்ற குவார்ட்டர்பேக்கான டாம் பிரேடி தொழில்முறைக்கு வந்ததும் அதே 2000-இல்தான். இரண்டு பாதைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு பெரிய வேறுபாடு தெரியும். அணியின் தாக்குதலை முன்னின்று நடத்தும் குவார்ட்டர்பேக்குக்கு அமெரிக்காவில் ஏணி போட்டு வைத்திருக்கிறார்கள்: உயர்நிலைப்பள்ளி, பல்கலைக்கழகம், பிறகு தொழில்முறை அணிகள் புதியவர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நாள். பிரேடி 199-ஆவது ஆளாகத்தான் தேர்வானார். ஆனாலும் தேர்வான அன்றே அவருக்கு ஓர் அணியும் பயிற்சியாளர்களும் கிடைத்துவிட்டார்கள். ஸ்குவாஷில் அப்படி யாரும் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. சிறிய போட்டிகளில் புள்ளி சேர்த்து, தகுதிச் சுற்றுகளில் ஆடி, தரவரிசையில் ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். பயிற்சியாளரைத் தானே தேட வேண்டும். எந்த நாட்டில் குடியிருப்பது என்பதையும் தானே முடிவுசெய்ய வேண்டும்.

அந்த முடிவு 2002-க்குப் பிறகு வந்தது. மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் பதக்கம் கிடைக்கவில்லை. பூசான் ஆசிய விளையாட்டின் இறுதியில், நான்கு ஆண்டுகளுக்கு முன் தோற்கடித்த அதே ரெபெக்கா சியூவிடம் தோற்று வெள்ளியோடு திரும்பினார். இளையோர் உலகில் எவரும் அசைக்க முடியாதவராக இருந்த பெண் பெரியவர்களின் ஆட்டத்தில் தடுமாறினார். பத்தொன்பது வயதில், சிறிது காலம் ஆட்டத்தை விட்டு விலகியும் இருந்தார். பல நாடுகளில் இளையோர் சாம்பியன்களின் கதை இந்த இடத்தோடு முடிந்துபோயிருக்கிறது. நிக்கோல் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆம்ஸ்டர்டாமுக்குப் போனார். அங்கே பயிற்சியாளராக லிஸ் ஏர்விங் இருந்தார். ஆஸ்திரேலியரான அவர் ஒரு காலத்தில் உலகின் இரண்டாம் நிலை வீராங்கனை.

பழைய வெற்றிகளை ஒதுக்கிவைத்து, அடிப்படையிலிருந்து ஆட்டத்தைத் திரும்பக் கட்டுவதற்கு ஒரு பத்தொன்பது வயதுப் பெண் துணிந்தார். அவர் வாழ்க்கையில் மிகப் பெரிய வெற்றி எது என்று கேட்டால், எந்த இறுதியாட்டத்தையும் சொல்வதைவிட இந்த முடிவைச் சொல்வதே பொருத்தம். பின்னால் வந்த 108 மாதங்களும் இதன் மேல்தான் நிற்கின்றன.

ஸ்குவாஷ் தளத்தின் நீளம் 9.75 மீட்டர், அகலம் 6.4 மீட்டர். நான்கு சுவருக்குள் இருவர். தளத்தின் நடுவே கோடுகள் சந்திக்கும் இடத்தை 'டி' என்பார்கள். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் அந்த இடத்தை யார் பிடிக்கிறாரோ, அவர் மற்றவரை மூலைக்கு மூலை ஓடவைப்பார். நிக்கோலின் ஆட்டம் 'டி'யில்தான் பிறந்தது. எதிராளி முடிந்துவிட்டதென்று நினைத்த பந்தை எட்டிப் பிடித்து உயரத் தூக்கிப் பின்மூலையில் போடுவார். அடுத்த நொடி நடுவில் நிற்பார். காற்றிலேயே பந்தை வெட்டி எதிராளிக்கு மூச்சுவிட நேரம் தராமல் செய்வார். ஐந்தாவது செட்டிலும் முதல் செட்டின் வேகம் குறையாது. மின்கல விளம்பரத்தில் ஓயாமல் ஓடும் முயல் பொம்மையின் பெயரை ஆட்ட உலகம் அவருக்குச் செல்லப்பெயராக வைத்தது. அந்தப் பெயர் அவரது உடல் வலுவை மட்டுமே காட்டுகிறது. ஐம்பது அறுபது அடிகள் நீளும் ஒரு புள்ளியில், எந்த அடியில் வேகத்தைக் குறைக்க வேண்டும், எப்போது முன்சுவரின் காலடியில் பந்தை மெல்ல இறக்க வேண்டும் என்று அவர் கணித்த விதம் அதில் விட்டுப்போய்விடுகிறது.

பலன் 2005-இல் தெரிந்தது. அந்த ஆண்டில் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டம். ஹாங்காங்கில் ரேச்சல் கிரின்ஹாமை வென்று முதல் உலகப் பட்டம். 2006 ஜனவரியில் உலகின் முதல் நிலை; அந்த இடத்துக்கு வந்த முதல் ஆசியப் பெண் அவர். சில மாதங்கள் கைநழுவிய முதலிடத்தை அதே ஆண்டு ஆகஸ்டில் மீட்டார். பெல்ஃபாஸ்ட், மான்செஸ்டர், ஆம்ஸ்டர்டாம், ஷார்ம் எல் ஷேக் என்று உலகப் பட்டங்கள் தொடர்ந்தன. 2011-இல் ராட்டர்டாமில் ஆறாவது பட்டம் வந்தபோது ஆஸ்திரேலியாவின் சாரா ஃபிட்ஸ்ஜெரால்டு வைத்திருந்த ஐந்து பட்டச் சாதனை பின்தங்கியது. அடுத்த ஆண்டு கேமன் தீவில் ஏழாவது. 2010-இல் டெல்லி காமன்வெல்த் தங்கமும் குவாங்சோ ஆசிய விளையாட்டுத் தங்கமும் ஒரே பருவத்தில் சேர்ந்தன. பினாங்கு மாநில அரசு 2008-இல் அவருக்கு டத்தோ விருது வழங்கியது.

2014-ஆம் ஆண்டைத் தனியே பேச வேண்டும். 2013-க்குரிய உலக சாம்பியன் போட்டி தள்ளிப்போய் 2014 மார்ச்சில் பினாங்கில் நடந்தது. ஊரே எட்டாவது பட்டத்துக்குக் காத்திருந்தது. அரையிறுதியில் எகிப்தின் நூர் எல் ஷெர்பினியிடம் நிக்கோல் தோற்றார். ஷெர்பினிக்கு அப்போது பதினெட்டு வயது. சொந்த ஊரில், பிறந்தது முதல் தெரிந்தவர்கள் பார்த்திருக்கும்போது வரும் தோல்வி மற்றத் தோல்விகளைப் போல் இராது. ஆனால் அந்த ஆண்டு அதோடு முடியவில்லை. பிரிட்டிஷ் ஓப்பனை ஐந்தாம் முறை வென்றார். கிளாஸ்கோ காமன்வெல்த் தங்கத்தைத் தக்கவைத்தார். இஞ்சியோன் ஆசிய விளையாட்டு இறுதியில் பினாங்கு ஆட்டக்காரர்கள் இருவரே மோதினார்கள். லோ வீ வெர்னை வென்றார் நிக்கோல். டிசம்பரில் கெய்ரோவில் உலகப் போட்டி. இறுதியில் எதிரே எகிப்தின் ரனீம் எல் வெலீலி, அவருடைய சொந்த மண்ணில். நான்காவது செட்டில் ரனீம் பட்டத்தைத் தொடும் தூரத்துக்கு வந்துவிட்டார். நான்கு முறை விளிம்பிலிருந்து மீண்ட நிக்கோல் அந்த செட்டையும் ஐந்தாவதையும் வென்றார். எட்டாவது உலகப் பட்டம் பினாங்கில் வரவில்லை, ரனீமின் நாட்டில் வந்தது.

2015 செப்டம்பரில் முதலிடம் ரனீமுக்குப் போனது. வயது ஒரு காரணம். நிக்கோலுக்கு அப்போது 32. ஆட்டமும் மாறிக்கொண்டிருந்தது. முன்சுவரின் அடியில் 'டின்' எனப்படும் தகடு இருக்கும். பந்து அதில் பட்டால் புள்ளி போய்விடும். பெண்கள் ஆட்டத்தில் அதன் உயரம் நெடுங்காலம் 19 அங்குலம். ஆண்கள், பெண்கள் தொழில்முறைச் சங்கங்கள் 2015-இல் ஒன்றான பிறகு பெண்களுக்கும் அது ஆண்களுக்குள்ள 17 அங்குலத்துக்கு இறக்கப்பட்டது. இரண்டு அங்குலம் என்பது சிறிய அளவாகத் தோன்றலாம். பந்தை முன்சுவரில் தாழ அடித்துப் புள்ளியைச் சட்டென முடிக்கும் எகிப்திய இளம் ஆட்டக்காரர்களுக்கு அது வாசலைத் திறந்துவிட்டது. நெடிய புள்ளிகளில் எதிராளியைக் களைக்கவைக்கும் ஆட்டத்துக்கு முன்பிருந்த சாதகம் குறைந்தது. லிஸ் ஏர்விங்குடன் இருந்த நீண்ட கூட்டும் அதே காலத்தில் முடிவுக்கு வந்தது. ஆஸ்திரேலியாவின் முன்னாள் உலக சாம்பியன் டேவிட் பால்மரிடம் பயிற்சி பெற்று நிக்கோல் தொடர்ந்து ஆடினார். பழைய உயரம் திரும்பவில்லை.

ஆனால் ஆசிய மண்ணில் அவருக்கு இன்னும் ஒரு தங்கம் மிச்சமிருந்தது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், 35-ஆவது பிறந்தநாளை ஒட்டி, ஐந்தாவது ஒற்றையர் தங்கத்தை வென்றார். முதல் தங்கத்துக்கும் இதற்கும் இடையில் இருபது ஆண்டுகள். தமிழ் வாசகர் கவனிக்க வேண்டியது அந்த அரையிறுதி வரிசை: ஒரு பக்கம் சென்னையின் தீபிகா பள்ளிக்கல்லை நிக்கோல் வென்றார்; மறுபக்கம் சென்னையின் ஜோஷ்னா சின்னப்பாவைக் கெடா மாநிலத்துச் சிவசங்கரி சுப்பிரமணியம் வென்றார். இறுதியில் மூத்தவர் இளையவரை வீழ்த்தினார். சில நாளில் குழுப் போட்டியின் அரையிறுதியில் ஜோஷ்னா நிக்கோலைத் தோற்கடிக்க, இந்தியா மலேசியாவைத் தாண்டி இறுதிக்குப் போனது.

இவ்வளவு வென்றவரிடம் இல்லாத ஒன்று ஒலிம்பிக் பதக்கம். அது அவர் குறை இல்லை. அவர் ஆடிய காலத்தில் ஸ்குவாஷ் ஒலிம்பிக்கில் இருக்கவே இல்லை. 2012, 2016, 2020 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளுக்கும் ஸ்குவாஷ் வாசலைத் தட்டியது, மூன்று முறையும் கதவு திறக்கவில்லை. 2013-இல் புவனஸ் அயர்ஸில் நடந்த ஒலிம்பிக் குழுக் கூட்டத்தில் ஸ்குவாஷுக்காகப் பேசப் போனவர்களில் நிக்கோலும் ஒருவர். உலகப் பட்டங்கள் அத்தனையையும் ஓர் ஒலிம்பிக் தங்கத்துக்கு ஈடாகத் தந்துவிடத் தயார் என்று அவர் சொல்லிவந்ததை ஊடகங்கள் பலமுறை எழுதின. அன்று தேர்வானது மல்யுத்தம். ஒரு தலைமுறையின் மிகச் சிறந்த வீராங்கனை உச்சத்தில் இருந்த பத்து ஆண்டுகளையும் ஒலிம்பிக் தவறவிட்டது. இழப்பு அவருக்கு மட்டும் நேர்ந்ததாகச் சொல்ல முடியாது.

ஒலிம்பிக்கில் இல்லாத விளையாட்டுகளுக்கென நடக்கும் உலக விளையாட்டுப் போட்டியில் அவர் 2005, 2009, 2013 ஆகிய மூன்று முறையும் தங்கம் வென்றார். 2021-இல், அந்தப் போட்டியின் நாற்பதாண்டு வரலாற்றில் தலைசிறந்த வீரர் யார் என்று இணையத்தில் மக்கள் வாக்கெடுப்பு நடந்தபோது 3,18,943 வாக்குகளோடு முதலிடம் பெற்றார்.

ஓய்வுக்குப் பிறகு நண்பர் மரியானா டி ரெய்ஸுடன் சேர்ந்து நிக்கோல் டேவிட் அமைப்பைத் தொடங்கினார். வசதி குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்துக்குப் பின் ஸ்குவாஷும் ஆங்கிலமும் கற்றுத்தரும் திட்டத்தை அது நடத்துகிறது. பினாங்கு புக்கிட் டும்பாரில் உள்ள ஸ்குவாஷ் மையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் விட்ட இடத்திலிருந்து அடுத்த தலைமுறை தொடர்ந்தது: ஜகார்த்தாவில் அவரிடம் தோற்ற சிவசங்கரி 2022-இல் கார் விபத்தில் கடுமையாகக் காயமுற்று, மீண்டு வந்து, ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஒற்றையர் தங்கத்தையும் 2024-இல் லண்டன் பட்டத்தையும் வென்றார்.

2023 அக்டோபரில் மும்பையில் கூடிய ஒலிம்பிக் குழு, 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஐந்து விளையாட்டுகளைச் சேர்த்தது. அவற்றில் ஒன்று கிரிக்கெட். இன்னொன்று அமெரிக்கக் கால்பந்தின் மோதலில்லா வடிவமான கொடிக் கால்பந்து. குவார்ட்டர்பேக்குகள் முதன்முறையாக ஒலிம்பிக் பதக்கத்துக்கு ஆடப்போகிறார்கள். மற்றொன்று ஸ்குவாஷ். 2028 ஜூலையில் நிக்கோல் டேவிட்டுக்கு வயது 44. ஓய்வு பெற்று ஒன்பது ஆண்டுகள் ஆகியிருக்கும்.