முதலும் கூலியும்

பன்னாட்டு வாணிகத்தையும், பல இனத்தார் கலந்து வாழும் முறையையும் பற்றிப் பல்கலைக்கழகங்கள் கருத்தரங்கு கூட்டி ஆராய்வது இக்காலத்துப் பெருவழக்கு. பினாங்கிலும் 1969-இல் தோன்றிய அறிவியல் பல்கலைக்கழகம் உண்டு. அவ்வாராய்ச்சிக்கு இத்தீவினும் தக்க இடம் வேறெது? எனினும், அம்மன்றங்களிலே வாணிகன் பேசப்படும் அளவுக்குக் கூலியாள் பேசப்படுகின்றானா? தோட்டத்துக் கிராணியாகிய எமக்கு எழும் ஐயம் இதுவே.

தமிழரைப் பற்றிய பேரவையொன்று இந்நாட்டிலே கூடியது 1966 ஏப்ரலில். மலாயாப் பல்கலைக்கழக இந்திய இயல் துறைத் தலைவராய் விளங்கிய தனிநாயகம் அடிகளார் பெரிதும் முயன்று, முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரிலே கூட்டினார். பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அதனைத் தொடங்கி வைத்தார். அச்செயலை எவரும் சிறிதென்னார்.

தமிழரின் கடல் வாணிகத்திற்குச் சான்று கற்களிலேயே இருக்கின்றது. தாய்லாந்தின் தக்குவாபாவிலே கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளம் மணிக்கிராமத்து வணிகரின் காவலில் விடப்பட்டதைக் கூறும். சுமத்திராவின் பாருஸிலே 1088-இல் பொறித்த கல், ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவைக் கூறும். நன்று. குளத்தைத் தோண்டுவித்தவனுடைய ஊர்ப்பெயருங்கூடக் கல்லிலே நிற்கின்றது. மண் சுமந்தவன் பெயர்தான் இல்லை.

இனிப் பினாங்கிற்கு வருவோம். 1786-இல் இத்தீவைக் கும்பினிக்காகக் கைக்கொண்ட பிரான்சிஸ் லைட், 1794-இல் எழுதிய அறிக்கையிலே சூலியா மக்களைக் குறிக்கின்றார். ஏறத்தாழ ஆயிரவர் இங்கே நிலைத்திருந்தனராம். அன்றியும், சோழமண்டலக் கரையினின்று ஆண்டுதோறும் 1300 முதல் 2000 பேர் வரை கப்பலேறி வந்து, வியாபாரமும் பலவகை உழைப்பும் செய்து, சில வெள்ளிகள் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பினராம். ஆயிரவரின் நினைவாகச் சூலியா தெரு இருக்கின்றது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இருக்கின்றது. வந்து சென்றோருக்கு அவ்வறிக்கையின் ஒரு வரியே மிச்சம்.

மொழியை நோக்கினும் இவ்வேறுபாடு புலனாகும். நம் கடை, மலாய் மொழியிலே கெடாய் ஆயிற்று. கப்பல் காப்பால் ஆயிற்று. முதல் மோடால் ஆயிற்று. கூலி என்னும் சொல்லும் அங்கே வழங்குகின்றது. அதுவும் தமிழே என்பார் பலர். முதல் என்பதற்குக் கடலின் இருகரையிலும் பொருள் ஒன்றே. கூலியின் கதை வேறு. தமிழிலே அஃது உழைப்புக்குப் பெறும் ஊதியம்; மலாயிலோ உழைப்பவனுக்கே அது பெயர்! பெறவேண்டிய ஊதியத்தின் பெயரைச் சுமந்து நின்றவன், அவ்வூதியத்தை முழுதும் பெற்றானா என்பதை எந்தக் கருத்தரங்கு கேட்டது?

லைட்டின் காலத்துக்குப் பின்னர் அக்கரை வெல்லஸ்லி மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய் நம்மவர் கொணரப்பட்டனர். 1910-இல் ஒப்பந்தமுறை ஒழிந்தது. கங்காணி முறை நீடித்தது. 1938-இல் இந்திய அரசாங்கம் தோட்ட வேலைக்கு ஆளனுப்புவதைத் தடுத்தது. இவையெல்லாம் நூல்களில் உண்டு. நூல்களில் ஏறாதவை தோட்டத்து அலுவலகங்களின் பழைய செக்ரோல் ஏடுகள். ஆளின் பெயர், வேலை செய்த நாள், பிடித்தம், கைக்கு வந்த காசு, யாவும் கிராணியின் கையெழுத்திலே அவற்றில் இருக்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போகுந்தோறும் அவை பழங்காகிதக் கடைக்கு நிறுத்துப் போடப்படுகின்றன. அடுத்த கருத்தரங்குக்குக் கட்டுரை எழுதுவோர், கல்வெட்டைத் தேடிக் கடல் கடக்குமுன் ஒருமுறை தோட்டத்துப் பக்கமும் வருவாராக. செல்லரித்தவை போக எஞ்சியவற்றை எடுத்துக் கொடுக்கக் கிராணிமார் இருக்கின்றோம்.