கேரளம் கற்பித்த பாடம்

இடதுசாரிக் கட்சி தேர்தலில் வெல்லக்கூடும். வென்றபின் ஆள இயலுமா? இவ்வினாவிற்கு விடை தேடுவோர் கேரள வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

1957ஆம் ஆண்டுத் தேர்தலில் 126 இடங்களுள் 60 இடங்களை வென்ற கம்யூனிஸ்டுக் கட்சி, சுயேச்சைகள் ஐவரின் துணையுடன் ஏப்ரல் 5ஆம் நாள் ஆட்சி அமைத்தது. இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு முதலமைச்சரானார். ஒரு வாரத்திற்குள் குத்தகை உழவரை நிலத்தினின்றும் வெளியேற்றுதல் தடுக்கப்பட்டது. தொடர்ந்து வந்த நில, கல்வி மசோதாக்கள் நிலவுடைமையாளரையும் சமய, சமூக அமைப்புகளையும் எதிரணியில் ஒன்றுதிரட்டின. கிளர்ச்சி மூண்டது, 1959 ஜூலை 31இல் நடுவணரசு அவ்வாட்சியைக் கலைத்தது.

1960இல் அக்கட்சியின் வாக்கு நூற்றுக்கு 35இலிருந்து 39 ஆக உயர்ந்தது. இடங்களோ 29 ஆகச் சுருங்கின. எதிர்த்தோர் ஒன்றுபட்டதே காரணம். 1967இல் எழுகட்சிக் கூட்டணி அமைத்தே இ.எம்.எஸ். மீண்டும் அரியணை ஏறினார்.

வெல்வதற்கு மக்கள் ஆதரவு போதும். ஆள்வதற்கோ தோழமையும் வேண்டும்.