மரக்கால் ஆட்டம்

சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோர் ஆடல்களில் ஒன்றுக்கு 'மரக்கால்' என்று பெயர். பாம்பும் தேளுமாய் வந்து சூழ்ந்த அசுரர்களைக் கொற்றவை மரக்காலின்மேல் நின்று மிதித்து உழக்கிய கூத்து அது. தெய்வம் மரக்காலில் ஆடினால் கை கூப்புகிறோம். மனிதன் ஆட வந்தால் மட்டும், "பாவம், இவனுக்கு ஏன் இந்த வேலை?" என்று உச்சுக் கொட்டுகிறோம்.

அந்த அனுதாபத்தை ஏற்க மறுத்த ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். 1907இல் தென் கரோலினாவில் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்த கிளேட்டன் பேட்ஸ்தான் அவர். பன்னிரண்டாம் வயதில் பருத்திவிதை ஆலை இயந்திரத்தில் சிக்கி ஒரு காலை இழந்தார். உறவினர் ஒருவர் கட்டையைச் செதுக்கிக் காலாக்கிக் கொடுத்தார். அந்த நாட்டில் 'டாப்' என்று ஒரு நடனம் உண்டு. அதில் காலே தாளவாத்தியம். பிறருடைய பூட்ஸில் பிறக்காத ஓர் ஓசை பேட்ஸின் கட்டையில் பிறந்தது. குறை என்று உலகம் சொன்னதையே அவர் தமது தனி முத்திரையாக்கிக் கொண்டார். எட் சல்லிவனின் டெலிவிஷன் நிகழ்ச்சியில் மட்டும் இருபது தடவைக்கு மேல் ஆடினார். நிறவேற்றுமை கோலோச்சிய காலம் அது. ஆடுகிற ஹோட்டலிலேயே தங்க இடம் கிடைக்காது. ஆகவே 1951இல் நியூயார்க் மாநிலத்துக் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் சொந்தமாகவே ஒரு விடுதி கட்டி, அங்கே தாமும் ஆடினார். 1998இல் காலமானார்.

மகத்தான வாழ்க்கைதான். ஆனால் தமக்கான மேடையையே தாம் கட்டிக்கொள்ள நேர்ந்த மனிதரின் கதை அது. அத்தனை நெஞ்சுரம் எல்லாரிடமும் இருக்குமா? இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதுதான் நியாயமா?

நமக்கு நெருக்கமான கதை ஒன்றும் உண்டு. பம்பாயில் வளர்ந்த பரதநாட்டியக் கலைஞர் சுதா சந்திரன், 1981இல் திருச்சிக்கு அருகே நேர்ந்த பஸ் விபத்தில் அடிபட்டு, வலக்காலை இழந்தார். மேல்நாட்டுச் செயற்கைக் கால் பூட்ஸுக்குள் நுழைவதற்கென்று செய்யப்பட்டது. பரதமோ வெறுங்காலால் தட்டி ஆடும் கலை; அரைமண்டியில் அமர்ந்தாக வேண்டும். அவருக்குக் கைகொடுத்தது ஜெய்ப்பூர் கால். சம்மணமிட்டு உட்காரும், வெறுங்காலோடு வயலில் இறங்கும் இந்தியனுக்காக, ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் சேத்தியும் 1968இல் ரப்பரைக்கொண்டு உருவாக்கியது அது. 1984இல் சுதா மீண்டும் மேடையேறினார். மறு ஆண்டு 'மயூரி' என்ற தெலுங்குப் படத்தில் தம் கதையில் தாமே நடித்தார். ஜனங்கள் கண்ணீர் விட்டார்கள், கைதட்டினார்கள். சரி, கைதட்டி முடித்தபின் எத்தனை நாட்டியப் பள்ளிகள் காலில்லாத ஒரு சிறுமியைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்ள முன்வந்தன?

இந்தக் கேள்விக்குக் காரியத்தில் விடை தேடியவர் ஓர் ஆங்கிலப் பெண்மணி. செலஸ்ட் டேண்டேக்கர் லண்டன் நவீன நடனக் குழுவொன்றில் ஆடிக்கொண்டிருந்தவர். 1973இல் மான்செஸ்டர் மேடையில், நிகழ்ச்சியின் நடுவிலேயே விழுந்தார். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, சக்கர நாற்காலியே கதியாயிற்று. பல ஆண்டுகளுக்குப் பிறகு பழைய தோழர் தர்ஷன் சிங் புல்லர் அவரை வற்புறுத்தி, 1990இல் ஒரு படத்தில் நாற்காலியிலிருந்தபடியே ஆட வைத்தார். மறு வருஷம் ஆடம் பெஞ்சமின் என்பவரோடு சேர்ந்து செலஸ்ட் தொடங்கிய குழுதான் 'கேன்டூகோ'. ஊனமுள்ளவரும் இல்லாதவரும் அதில் சரிசமமாகச் சேர்ந்து ஆடினார்கள். அது தர்ம ஸ்தாபனமாக இருக்கவில்லை. பயிற்சி, ஒத்திகை, சம்பளம் எல்லாம் உண்டு. வெளியிலிருந்து பெயர் பெற்ற நடன அமைப்பாளர்களும் வந்து அவர்களுக்கென்று புதிய நடனங்களை அமைத்துக் கொடுத்தார்கள்.

அதனால் விளைந்ததைப் பாருங்கள். இரு கால்களும் இல்லாத டேவிட் டூல் என்பவர் லீட்ஸ் நகரத்தில் தபால் இலாகாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குழு நடத்திய பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போனார். அதன் பின் தபால் வேலையை விட்டுவிட்டு, கைகளை ஊன்றி ஆடும் தொழில்முறை நடனக் கலைஞரானார். 2012இல் லண்டன் பாராலிம்பிக் தொடக்க விழாவில் உலகம் அவரைப் பார்த்தது. 2020இல் அவர் மறைந்தபோது, பத்திரிகைகள் அவரை நடனக் கலைஞர் என்றே எழுதின.

பேட்ஸுக்கும் டூலுக்கும் திறமையிலோ துணிவிலோ பேதம் சொல்ல முடியாது. ஒருவர் மூடிய கதவை உடைத்துக்கொண்டு போனார்; மற்றவருக்குத் திறந்த கதவு ஒன்று இருந்தது, அவ்வளவுதான்.

நம் நாட்டிலும் 2016இல் ஒரு சட்டம் வந்தது. அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிலையங்களில் இவர்களுக்கு 5 சதவிகிதத்துக்குக் குறையாமல் இடம் ஒதுக்க வேண்டும் என்கிறது அது. நல்ல சட்டம். ஆனால் நாட்டியம் பெரும்பாலும் குருவின் வீட்டுக் கூடத்தில்தான் தொடங்குகிறது. ஏழெட்டு வயதில் அந்த வாசலில் வந்து நிற்கும் குழந்தையின் காலைப் பார்த்து முகம் சுளிக்காமல், "உள்ளே வா, அம்மா" என்று அழைக்கும்படி எந்தச் சட்டமும் குருவுக்கு உத்தரவு போட முடியாது. அதை அவரேதான் சொல்ல வேண்டும்.